களி விருந்துக்கு நான் அழைக்காத ஆள்

1

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் லாரிப் பட்டறைக்குப் புதிதாக ஒரு துரை வந்திருக்கிறார். நான் அங்கே தலைமைக் கிராணி. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா என்று அர்த்தம். ஊருக்கு எழுதும்போது மட்டும் மானேஜர் மாதிரி தொனிக்க எழுதுவேன், அது என் பழைய கெட்ட வழக்கம்.

போன வாரம் எனக்கு இங்கே சர்வீஸ் பன்னிரண்டு வருஷம் முடிந்தது. அன்றைக்குக் காலையில் துரை கூப்பிட்டுக் கை குலுக்கினார். பிறகு உட்காரச் சொன்னார். பழைய ஃபைல்களையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார் மனுஷன். மற்றப் பட்டறைகளில் புது ஆள் மூன்று நான்கு மாதத்தில் அடுத்த பட்டறைக்கு ஓடிவிடுகிறான், நீ இந்தியாவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவர்கள் மட்டும் வேர்விட்டு நிற்கிறார்களே, என்ன செய்கிறாய் என்று கேட்டார். நல்ல ஆளை எப்படிப் பிடிக்கிறாய், வந்தவனை எப்படிப் பழக்குகிறாய், எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதிக் கொடு, லண்டன் ஆபீசுக்கு உன் பெயரோடு அனுப்புகிறேன் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவி ராஜம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். பத்து வயது மகள் சரோஜா, "இங்கிலீஷ்ல தப்பு வராம நான் பாத்துத் தர்றேன்பா" என்றாள். அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. தமிழ் எழுதச் சொன்னால் தேன்கனிக்கோட்டை என்ற சொல்லில் மூன்று இடத்தில் தடுக்கி விழுவாள். ஆனால் என் இங்கிலீஷைத் திருத்துவதில் அவளுக்கு அலாதி பிரியம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுத உட்கார்ந்தேன். கப்பல் வருகிற அன்று நானே துறைமுகத்துக்குப் போய் நிற்பேன் என்று எழுதினேன். கப்பலில் அடித்தட்டில் வருகிறவர்களை முதலில் ஒரு தீவில் இறக்கி, அம்மை கிம்மை இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊருக்குள் விடுவார்கள். அந்தத் தீவு வாசத்தில்தான் பாதிப்பேர் மனம் உடைந்து போவார்கள். அதனால் படகு பிடித்துப் போய் வெற்றிலை பாக்கும் ஊர்க் கடிதமும் கொடுத்து வருவேன். அதையும் எழுதினேன். பட்டறைக்கு வந்த முதல் நாள் எந்தக் கருவியையும் தொடவிடாமல், சும்மா சுற்றிப் பார்க்கச் சொல்வேன். பஸ் நம்பர், தபாலாபீஸ் இருக்கிற இடம், பிறகு தண்ணீர், சோறு, போதும், எவ்வளவு என்பதற்கெல்லாம் மலாய்ச் சொற்கள், இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிடுவேன்.

அடுத்ததாக எழுத வந்தது முக்கியமான விஷயம். புது ஆள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவனை என் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைப்பேன். பழைய ஆட்களும் வருவார்கள். கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். எல்லாரும் கூடத்தில் ஒரே வரிசையில் உட்காருவோம், புது ஆளுக்கு என் பக்கத்து இடம். கப்பலில் இருந்து அதுவரைக்கும் பேசாமல் இருந்தவன்கூட அந்தக் களியைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிடுவான். யார் மகன், எந்த ஏரிக்குக் கீழே நிலம், போன வருஷம் ராகிக் கதிரில் யானை இறங்கிய கதை, எல்லாம் வரும். எழுந்து கை கழுவும்போது அவன் எங்கள் ஆளாகிவிட்டிருப்பான்.

"ஒவ்வொரு புது ஆளையும்" என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒவ்வொருவரையும் நான் அழைக்கவில்லை. ஒருவனை விட்டுவிட்டேன்.

துரை கேட்ட இரண்டு பக்கத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. அதற்குப் பதில் உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் செய்த காரியத்தைத் துரைக்கு மணிக்கணக்கில் விளக்கினாலும் புரியாது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து மனிதர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

2

முதலில் ஆள் பிடித்த கதையைச் சொல்கிறேன்.

எனக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு நீண்ட லீவு கிடைக்கும். முதல் தடவை வந்தபோது சென்ட் வாசனையும் கைக்கடிகாரமுமாக வந்து இறங்கினேன். பட்டறைக்கு நாலு ஆள் வேண்டும் என்று அப்போதிருந்த பழைய துரை சொல்லி அனுப்பியிருந்தார். நான் என்ன செய்தேன்? மச்சான் உறவில் ஒருவன், பெரியப்பா வழியில் இருவர், சாமல்பட்டியில் ரயிலடிக்குப் பக்கத்தில் வீடுள்ள கோவிந்தன் என்ற தூரத்துச் சொந்தக்காரன், இப்படி எல்லாரும் நம்மவர்களாகப் பார்த்துக் கொண்டுபோனேன். உறவுக்காரன் ஓடமாட்டான் என்பது என் கணக்கு. அவர்கள் ஓடவில்லைதான். ஆனால் கோவிந்தனைத் தவிர ஒருவனுக்கும் திருப்புளி எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாது. பழைய துரை ஒரு மாதம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, அடுத்த தடவை லாரியில் ஏறினவனைக் கொண்டுவராதே, லாரியைக் கழற்றினவனாகக் கொண்டுவா என்றார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது.

அந்த ரோஷத்தில்தான் இரண்டாவது லீவில் ஜூஜுவாடிக்குப் போனேன். மைசூர் எல்லை என்பதால் அங்கே லாரிகள் வரிசையாக நிற்கும். நம் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் அவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் வருகிற வண்டியையெல்லாம் போலீஸ் குடைந்து பார்க்கும். நிற்கிற நேரத்தில் வண்டிக்காரர்கள் ரிப்பேர் பார்த்துக்கொள்வார்கள். ரோட்டோரத்தில் ஓலைக் கொட்டகை போட்ட மெக்கானிக் ஷெட்டுகள் நாலைந்து இருந்தன. எந்த டிரைவரைக் கேட்டாலும் ஒரே பேரைத்தான் சொன்னார்கள், முனியப்பன்.

கொட்டகைக்குப் போனபோது அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. மேலே டிரைவர் கன்னடத்தில் கத்த, இவன் அடியிலிருந்து கன்னடத்தில் பதில் சொன்னான். ஷெட் முதலாளி தெலுங்கில் ஏதோ கேட்க, தெலுங்கில் சொன்னான். கொஞ்ச நேரம் என்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கியர்ப் பெட்டியில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று படுத்த வாக்கிலேயே சொன்னான். பிரித்துப் பார்த்தார்கள், அதே பல். எனக்குப் புல்லரித்தது. துரைக்கு வேண்டிய ஆள் இவன்தான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

வெளியே வந்து கை துடைத்துக்கொண்டு நின்றவன் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். "சின்னவருங்களா? எப்ப வந்தீங்க கப்பல்ல?" என்றான். அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் நிலத்தில் தலைமுறையாக வேலை செய்த குடும்பத்துப் பையன். அவன் அப்பா எங்கள் வீட்டுப் பின்வாசலைத் தாண்டி உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. முனியப்பன் மீசை முளைப்பதற்கு முன்னாலேயே ஊரைவிட்டு லாரி க்ளீனராகப் போய்விட்டான்.

ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வேலை தெரிந்தவன் வேண்டும், அதோடு ரோஷம் வேறு. சிங்கப்பூருக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

அவன் உடனே பல்லைக் காட்டிவிடவில்லை. பெங்களூரில் புதுத் தொழிற்சாலை ஒன்றில் அவனைப் பரீட்சை வைத்துப் பார்த்து, அடுத்த மாதம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் கடல் தாண்ட ஒரு காரணமும் இல்லை. நான் சம்பளத்தைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். குவார்ட்டர்ஸைச் சொன்னேன், மின்சார விளக்கைச் சொன்னேன். மூன்று நாள் தொடர்ந்து போனேன். பெண் பார்க்கப் போகிறவன்கூட அப்படி அலைந்திருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "அங்க நம்ம ஊரு ஆளுங்கதான் நெறைய பேரு இருக்காங்கன்னு சொல்றீங்க. தங்கறது, சாப்பிடறது எல்லாம் எப்படீங்க?"

அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. "எல்லாரும் ஒண்ணாத்தாம்பா. அங்க எந்தத் தெருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். வேலை தெரியுமான்னுதான் கேப்பான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்றான். பெங்களூர் வேலையை விட்டுவிட்டான்.

3

அப்போது இங்கே வருவதற்கு இப்போதுபோல் பர்மிட் கெடுபிடி இல்லை. ஆனாலும் காகித வேலைக்குக் குறைவில்லை. முனியப்பனுக்குப் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் கிடையாது, பிறந்த தேதி கிடையாது. அவன் அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், ஏரி உடைந்த வருஷம், ராகி அறுப்பு சமயம் என்பதுதான். ஏரி எந்த வருஷம் உடைந்தது என்று தெரிந்துகொள்ள நான் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தைத் தேடிப் போனேன். பாரத்தையெல்லாம் என் கையாலேயே எழுதினேன். அடையாளம் என்ற இடத்தில் வலது முழங்கையில் தீத்தழும்பு. தொழில் என்ற இடத்தில் மெக்கானிக் என்று எழுதியதை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். அது அவன் பேர்தான் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ. என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னபோது முகம் மலர்ந்துவிட்டது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவனைக் கொண்டுவர நான் பட்ட பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆள் பிடிக்கிற சாமர்த்தியத்தைப் பற்றித் துரைக்கு எழுத வேண்டுமானால் முனியப்பனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

வந்து இறங்கினான். தீவுக்குப் படகில் போய்ப் பார்த்தேன், வெற்றிலை பாக்குக் கொடுத்தேன். பட்டறைக்கு வந்த முதல் நாள் சும்மா இரு என்று சொல்லியும் கேட்காமல், இரண்டு மாதமாக மூலையில் கிடந்த ஒரு லாரியைச் சாயங்காலத்துக்குள் உறும வைத்துவிட்டான். பழைய துரை அவன் தோளில் தட்டினார். நான்காம் நாளே கடைக்காரரிடம் மலாயில் பேசினான். மூன்று பாஷை இருக்கிற நாக்குக்கு நாலாவது என்ன கஷ்டம்! மெஸ்ஸில் சாமல்பட்டிக் கோவிந்தனுக்குப் பக்கத்து இடம் அவனுக்கு. இருவரும் ஒரே பீடித் தீயைப் பகிர்ந்துகொண்டு சிரித்ததை நானே பார்த்தேன். கோவிந்தனுக்குச் சாமல்பட்டிதான் உலகம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவன் வந்ததே இல்லை. மற்றச் சொந்தக்காரர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள். முனியப்பன் எந்தத் தெருவில் பிறந்தவன் என்று அந்தப் பட்டறையில் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

4

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜம்மா கேட்டாள். "புது ஆளு வந்திருக்காருல்ல, ஞாயித்துக்கெழம எத்தன பேருக்குங்க களி?"

ஒன்பது பேருக்கு என்றேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துப் பத்து வருகிறதே என்றாள். முனியப்பனுக்குக் கேரியரில் போட்டு அனுப்பிவிடலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண், முனியப்பனை அவளுக்குத் தெரியாது. ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போனாள். இதில் அவள்மேல் பழி போட எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. பெண்டுகள் விடமாட்டார்கள் என்று எழுதிவிட்டால் நீங்களும் நம்புவீர்கள். ஆனால் முடிவு செய்தது நான்தான்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று உண்டு. விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது முனியப்பன் யாரென்று தெரிந்து, எங்கள் கூடத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன் என்று ஒரு கடிதம் ஊருக்குப் போகும். அண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்தக் காரணத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே வாரத்தில் நான் சீனன் காப்பிக் கடையில் தினமும் காப்பி குடித்தேன். அந்தக் கோப்பையில் யார் யார் குடித்தார்கள் என்று நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வாழையிலையில் மடித்துக் கொடுக்கும் தேங்காய்ப்பால் சோற்றைச் சரோஜா தின்றுகொண்டே வளர்ந்தாள், நானும் அதில் பங்கு கேட்டிருக்கிறேன். கடல் தாண்டின உடனே எல்லார் கையும் சுத்தமாகிவிட்டது எனக்கு. என் ஊர்க்காரன் கை மட்டும் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து இலை முன்னால் உட்கார்ந்தார்கள். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது, வழக்கமாகப் புது ஆள் உட்காரும் இடம். கோவிந்தன் வாசலைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "முனியப்பன் வரலீங்களா? குளிச்சிட்டுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தானே."

"அவனுக்குக் கேரியர்ல அனுப்பிட்டேன்" என்றேன்.

கோவிந்தன் என் முகத்தைப் பார்த்தான். "ஓ, சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கோவிந்தன் காலி இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். யாரும் எதுவும் கேட்கவில்லை. யானை பற்றிப் பேசினோம், ராகி விலை பற்றிப் பேசினோம். களி நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை, யாரையும் தூற்றவில்லை. ஒரு கேரியரை அனுப்பினேன், எட்டுப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

5

மறுநாள் மெஸ்ஸில் கோவிந்தன் இடம் மாறி உட்கார்ந்தான். அதற்கடுத்த வாரம் ஒரு தம்ளர் மட்டும் தனியாக ஆணியில் தொங்கியது. யார் தொங்கவிட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் அவன் அறையில் இருந்த இருவரும் புழுக்கம் என்று சொல்லி வேறு அறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தார்கள். மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். போட்டேன்.

முனியப்பன் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. கேரியரைத் திங்கட்கிழமை காலையில் நன்றாகத் தேய்த்துக் கழுவி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு பட்டறையில் என்னைப் பார்த்தால், ஜூஜுவாடியில் செய்தது மாதிரி துண்டை இடுப்பில் கட்ட ஆரம்பித்தான். அதுவரைக்கும் சிங்கப்பூரில் அவன் அப்படிச் செய்யவில்லை.

ஆறு மாதம் இருந்தான். ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. வேலையை விடுகிறேன் என்றான். சம்பளம் கூட்டித் தரச் சொல்கிறேன் என்றேன். விஷயம் சம்பளம் இல்லை என்று எனக்கே தெரியும்.

"சம்பளத்துக்கு இல்லீங்க" என்றான். "ஜூஜுவாடியில யாரு யாரு எப்படின்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தக்கன நடந்துக்குவேன். இங்க அப்படி இல்லன்னு சொன்னீங்க. வந்த மொத நாலு நாளு நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சுங்க. அந்த நாலு நாளு இல்லாம இருந்திருந்தா நான் தாங்கியிருப்பேன்."

குரல் உயரவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான். நான் அவனைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், அவன் போனது எனக்கு ஒரு நிம்மதியாகக்கூட இருந்தது. இனி அந்தத் தம்ளரைப் பார்க்க வேண்டியதில்லை என்று இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

பழைய துரை துடித்துப் போனார். எங்கள் பட்டறைக்கு அந்த மாதிரி கை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. ஏன் போனான் என்று கேட்டார். வேறு இடத்தில் அதிகச் சம்பளம் ஆசை காட்டியிருக்கிறார்கள், இந்த மாதிரி ஆட்களே இப்படித்தான், நிலையில்லாதவர்கள் என்று நான் சொன்னேன். துரை அதை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டார். இப்போது புதுத் துரை புரட்டிப் பார்த்த ஃபைலில் அந்தத் தாளும் இருக்கிறது. ஓடிப்போனவன் இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்தன்தானே, அவன் பேராசைக்காரன் போலிருக்கிறது என்று அவர் என்னைப் பாராட்டுகிற குரலில் சொன்னார். நான் ஆமாம் என்றேன். போன வாரம்தான், பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்று.

6

அந்தக் காகிதத்தை முடிக்க முடியாமல் மூன்று நாள் ஓட்டினேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முனியப்பன் ஊருக்குத் திரும்பவில்லை, புக்கிட் தீமா சாலையில் ஒரு சீன முதலாளியின் லாரிக் கொட்டகையில் தலைமை மெக்கானிக்காக இருக்கிறான் என்று எனக்குப் பல வருஷமாகவே தெரியும். அவன் மனைவி லட்சுமியும் வந்து சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவனைப் பார்த்து, நான் செய்தது தப்பு என்று வாயால் சொல்ல வேண்டும், அந்தத் தாளைத் துரையிடம் சொல்லிக் கிழிக்கச் செய்கிறேன், திரும்பி வா என்று கேட்க வேண்டும். இதுதான் திட்டம். பஸ் என்றதும் சரோஜாவும் தொற்றிக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி மண்பாதையில் ஒரு மைல் நடை. உச்சி வெயில். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. கொட்டகைக்குப் பின்னால் பலகை வீடு, முன்னால் இரண்டு பப்பாளி மரம். முனியப்பன் வாசலில் உட்கார்ந்து ரேடியோ ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். இந்தத் தடவை துண்டு எதுவும் இல்லை. "வாங்க" என்றான். நாற்காலியை உள்ளே இருந்து எடுத்துவந்து பப்பாளி நிழலில் போட்டான். அவன் நின்றுகொண்டான்.

லட்சுமி எட்டிப் பார்த்தாள். சரோஜா அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே உள்ளே ஓடினாள். ஆன்ட்டி தண்ணி வேணும் என்று அவள் கேட்பதும், பானையிலிருந்து மொண்டு ஊற்றும் சத்தமும் எனக்குக் கேட்டது. என்னமோ ஒரு பலகாரம் தின்கிறாள் என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது.

நான் பேச்சை ஆரம்பித்தேன். ஊர் எப்படி, மாநில எல்லையைத் திருப்பிப் போட்டாலும் ஓசூர் மதராஸிலேயே தங்கிவிட்டதாமே என்று எங்கெங்கோ போனேன். முனியப்பன் கேட்டுக்கொண்டிருந்தான். என் நாக்கு உலர்ந்திருப்பதை அவன் பார்த்திருக்க வேண்டும். "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டுச் சாலைப் பக்கம் நடந்தான். கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தான். கையில் ஆரஞ்சுக் கலர் சோடா ஒரு பாட்டில். முக்காலி ஒன்றை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மூடி கழற்றாத பாட்டிலை அதன்மேல் வைத்தான். மூடி திறக்கும் இரும்பையும் பக்கத்தில் வைத்தான். தள்ளி நின்றுகொண்டான்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் பக்கத்தில் ஓட்டுக் கேட்டுச் சேரிக்குள் போகிற எங்கள் ஆட்களுக்கு இப்படித்தான் கடையிலிருந்து வாங்கி வந்து வைப்பார்கள். வீட்டுத் தண்ணீர் என்றால் வாங்கிக் குடிப்பவர்களுக்குச் சங்கடம், மறுத்தால் கொடுப்பவர்களுக்குச் சங்கடம். மூடின பாட்டிலில் தீட்டு இல்லை.

அவன் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெயிலில் நடந்து வந்த ஒரு மனிதனுக்கு என்ன முடியுமோ அதைச் செய்திருந்தான், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சோடா வேண்டாம் முனியப்பா, உன் வீட்டுத் தண்ணி குடு. வாய்வரைக்கும் வந்தது. அப்போது லட்சுமி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அந்தச் செம்பைப் பார்த்தேன். இரண்டு நொடி இருக்கும். அவள் உள்ளே போய்விட்டாள்.

"நான் அன்னிக்குச் செஞ்சது தப்பு முனியப்பா" என்றேன். அதையாவது சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி நான் சொன்ன பொய் ஃபைலில் இருக்கிறது, அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்கிறேன், திரும்பி வா என்றும் சொன்னேன்.

"தாளு கெடக்கட்டுங்க. இங்க சீன மொதலாளி எங்கூடத்தான் ஒக்காந்து சாப்பிடறாரு. நான் எதுக்குங்க அங்க வரணும்?" என்றான். பிறகு, "மொதல்ல குடிங்க, சூடாயிடும்" என்றான்.

மூடியைத் திறந்து குடித்தேன். நல்ல தாகம், ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சரோஜா கேட்டாள். "அப்பா, எனக்கு வெறும் தண்ணி குடுத்தாங்க, உங்களுக்கு மட்டும் ஏன் கடைக்குப் போய் சோடா வாங்கிட்டு வந்தாரு?"

"நீ அவங்க வீட்டுப் பிள்ளை மாதிரிம்மா. நான் விருந்தாளி, அதனாலதான்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.